சுண்ணாம்புப் பொட்டல் வெட்டுக்கிளிகள்

— கத்தாம என்ன செய்யச் சொல்றீக? இந்தத் தாள்ல கீழ போட்டிருக்கிறது உங்க பேருதானே? அத மட்டும் சொல்லுங்க.

— என் பேர்தான். நீங்க முதல்ல உக்காருங்கம்மா. இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீங்க...

— உக்கார வரல சார். சிவகாசியில இருந்து விருதுநகர் வரைக்கும் நின்னுக்கிட்டேதேன் வந்தேன். இன்னங் கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் கொறஞ்சு போகாது. வாசிக்கிறேன், கேளுங்க. நான் அஞ்சாங்கிளாஸ், எழுத்துக்கூட்டித்தேன் வரும். 'நமது கரி ஆலையைச் சுற்றியுள்ள வெட்டுக்கிளிகள் கரித்தூளுக்குப் பழகிக்கொண்டு, தம் நிறத்தையும் மாற்றிக்கொண்டு, செழிப்பாக வாழ்கின்றன.' இது நீங்க எழுதுனதா?

— ஆமா. என் மாமனார் கேட்டார். நாலு வரி எழுதிக் குடுத்தேன். அதுக்கு ஏன் இம்புட்டுக் கோபம்?

— இருங்க, முடியல. அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு? 'ஒன்பது வருடங்களாகக் கரிக்கொட்டகையில் ஒரு தொழிலாளிக்குக்கூட இருமல் கிடையாது. பூச்சிக்கே கெடுதல் செய்யாத தூசி மனிதருக்கு என்ன செய்யும்?' அதுக்குங் கீழ 'நல்லசிவம், எம்.எஸ்ஸி., விலங்கியல் விரிவுரையாளர்.' மொதலாளி அச்சாபீசுல அடிச்சு, பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில, எங்க ஊர் மந்தையில, எல்லா இடத்துலயும் ஒட்டியாச்சு.

— அந்த இருமல் வரி என்னோடது இல்லம்மா. அது அவங்களாச் சேத்தது.

— பேரு உங்களோடதுதானே?

— சரி, நீங்க யாரு? அதச் சொல்லுங்க முதல்ல.

— எம்பேரு வீரலட்சுமி. வெம்பக்கோட்டைப் பக்கம். உங்க மாமனாரு அய்யாதுரை மொதலாளி, வெடிமருந்துக்குக் கரி அரைக்கக் கொட்டகை போட்டாகள்ல, சுண்ணாம்புப் பொட்டல்ல? அங்கனதேன் எனக்கு வேலை. அம்பத்தேழுல கொட்டகை போட்ட அன்னையில இருந்து, இந்த ஐப்பசியோட ஒம்பது வருசம்.

— ஒம்பது வருசமா கரிக்கொட்டகையிலயா? உங்களுக்கு இருமல் இல்லையே. பாருங்க, நல்லாத்தானே பேசுறீங்க. ஒருவேளை அந்த வரியும்...

— நான் வெளிய நிக்கிறவ சார். உள்ள போறவ இல்ல. உங்க வாயாலயே அந்த வரிய நெசம்னு சொல்லிராதீக, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

— இதுக்கு மேலயா?

— மாசியில காலேஜுப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு பொட்டலுக்கு வந்தீக. கையில வலை, ஆளுக்கொரு டப்பா. கொட்டகை கேட்டு வாசல்ல நின்னு சொன்னீக: 'பாருங்க, பத்து வருசத்துக்கு முன்னாடி இங்க வெட்டுக்கிளி வெள்ளையா இருந்துச்சு. இப்ப கறுப்பா மாறிக்கிச்சு. பூச்சி எப்படிப் பழகிக்கிது பாருங்க.' நான் நாலடி தள்ளித்தேன் நின்னேன். நீங்க என்னைய பாக்கல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

— வெட்டுக்கிளி நிறத்துக்கா சோறு எறங்கல?

— எங்க அக்கா ராமுத்தாய் அந்தக் கொட்டகையில ஆறு வருசம் கரி சலிச்சா. இப்ப அவளால படுக்க முடியாது சார். சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதேன் கண்ண மூடுறா. படுத்தா மூச்சு நிக்கிது. அவ ஏன் பழகிக்கல? வெட்டுக்கிளிக்கு இருக்குற சாமர்த்தியம் எங்கக்காவுக்கு இல்லாமப் போச்சா? எட்டு மாசமா இதே நெனப்பு எனக்கு. கடைசியில நானே பாத்துப்புட்டேன்.

— எதப் பாத்தீங்க?

— இந்தாங்க, இந்த மிட்டாய் பாட்டில். மூடியில ஓட்ட போட்டிருக்கேன், உசுரோடதேன் இருக்கு. எண்ணிப் பாருங்க.

— வெட்டுக்கிளி. பொட்டல்ல பிடிச்சதா?

— நாப்பது இருக்கு. நேத்துச் சாயந்தரம் பிடிச்சது. முப்பத்தேழு கறுப்பு, மூணு வெள்ளை. நீங்க அந்தக் காலத்துல பிடிச்சது எங்க?

— நான் பிடிச்சதா?

— அன்னைக்குப் பிள்ளைககிட்டச் சொன்னீகளே. 'நான் படிக்கிறப்ப இதே பொட்டல்ல பிடிச்சு வச்சது இன்னமும் வீட்டுல இருக்கு'ன்னு. எடுங்க சார். பீரோவுலதானே இருக்கு?

— ...இருங்க. இந்தா. இதான். கண்ணாடி மேல சாயாதீங்க, விரிசல் விட்டிருக்கு.

— தேதி போட்டிருக்கா?

— போட்டிருக்கு. சுண்ணாம்புப் பொட்டல், பதினாலு மார்ச், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்துநாலு. ஊசி குத்தி வச்சது மொத்தம் நாப்பது.

— அதுல கறுப்பு எத்தன?

— ரெண்டு.

— ரெண்டு! எங்களுக்குச் சின்னப்பிள்ளையில அதுக்குப் பேரே 'தீஞ்சது'. நூறு பிடிச்சா நாலஞ்சு தீஞ்சது கெடைக்கும். பொட்டலு வெள்ளவெளேர்னு கெடக்குமா, அதுல கறுப்பு தூரத்துலயே தெரியும். நாங்க கையால பிடிக்கிறதுக்கு முன்னாடி பனங்காடைக் குருவி கொத்திட்டுப் போயிரும்.

— அதாவது, இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லம்மா. சூழ்நிலை மாறும்போது உயிரினங்கள்...

— இந்த 'அதாவது'தேன் எனக்கு ஆகாது. நேராச் சொல்லுங்க. வெள்ளை வெட்டுக்கிளி கறுப்பா மாறுச்சா?

— மாறிச்சு. கண்ணு முன்னாடி இருக்கே.

— ஒரு வெட்டுக்கிளி. ஒண்ணே ஒண்ணு. வெள்ளையாப் பொறந்தது, கரிய உடம்புல பூசிக்கிட்டு, பழகிக்கிட்டு, கறுப்பா மாறினத நீங்க பாத்தீகளா?

— அப்படிப் பார்க்க முடியாது. அதாவது... சரி. பாக்கல.

— நான் பாத்தேன். மாறல. கேட்டுக்கிடுங்க. எங்க சின்னய்யா காடு மல்லாங்கிணறுல இருக்கு. அங்கனயும் ஒரு ஓரமா சுண்ணாம்புத் தரை, கரி கெடையாது. அங்கன போயி வெள்ளை வெட்டுக்கிளி அறுபது பிடிச்சாந்தேன். முப்பத ஒரு பெரிய கூடையில விட்டு, மேல கொசுவலைத் துணி கட்டி, கொட்டகைக்குப் பின்னால வச்சேன். அடியில பொட்டல் மண்ணு. தெனமும் கரி படியிற எடம். பச்சைப் புல்லு நான் போட்டேன். எத்தன மாசம் வச்சேன் தெரியுமா? சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும்.

— கறுக்கலையா?

— ஒண்ணுகூட. மேல தூசி படியும், உதறும், உள்ள அதே வெள்ளை. அதுலயே முட்டை வச்சு குஞ்சு பொரிச்சுச்சு. அம்புட்டுக் கரிக்குள்ள பொறந்த குஞ்சுகூட வெள்ளையாத்தேன் வந்துச்சு. பழகலையே சார். வலைக்குள்ள அதுகளுக்கு ஒண்ணும் ஆகல, அதனால மாறவும் இல்ல.

— மிச்ச முப்பது?

— பொட்டல்ல பிடிச்ச கறுப்பு முப்பதையும் சேத்து, மொத்தம் அறுபத வெளிய விட்டேன். விடுறதுக்கு முன்னாடி றெக்கைக்கு உள்பக்கம் அச்சாபீசு சிவப்பு மையத் தொட்டு வச்சேன். மடக்குனா தெரியாது, விரிச்சாத்தேன் தெரியும். மூணாம் நாளு போயி தேடுனேன். கறுப்புல பத்தொம்பது கெடச்சுச்சு. வெள்ளையில ரெண்டு.

— பறந்து போயிருக்கலாமே. வெள்ளைக்கு அந்த இடம் பிடிக்காம, வேற பக்கம் தாவியிருக்கலாம்.

— இதக் கேப்பீகன்னு தெரியும். இந்தப் பொட்டலத்தப் பிரிங்க. பைய. காத்துல பறந்துரும்.

— றெக்கை.

— பொட்டலுக்கு மேல தந்திக்கம்பி போகுதுல்ல, அதுக்கு நேர் கீழ பொறுக்கினது. பனங்காடை கம்பியில உக்காந்துக்கிட்டுத்தேன் திங்கும், றெக்கைய உதறிப்போடும். சிவப்பு மை இருக்கா பாருங்க. வெள்ளை றெக்கை எத்தன, கறுப்பு எத்தன?

— வெள்ளை... பதினாலு. கறுப்பு மூணு.

— இப்பச் சொல்லுங்க. பழகுச்சா, செத்துச்சா?

— இத யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? மை வைக்கிறது, எண்ணுறது, வலைக்குள்ள தனியா வச்சுப் பாக்குறது... எங்க காலேஜ்ல இத ஒருத்தனும் செய்யல. நானும் செய்யல.

— கோவந்தேன் சொல்லிக் குடுத்துச்சு. வேற யாரு?

— நீங்க சொல்றதுதான் சரி. ஒத்துக்கிறேன். எந்த வெட்டுக்கிளியும் மாறல. தரை கறுத்ததும் வெள்ளைதான் பறவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. வெள்ளையா இருந்ததெல்லாம் போச்சு, தீஞ்சது தப்பிச்சுது, அதோட குஞ்சும் தீஞ்சதாப் பொறந்துது. ஒம்பது வருசத்துல பொட்டலே அதுக வசம். சீமையில மில் ஊர்கள்ல அந்துப்பூச்சி கறுத்ததுகூட இப்படித்தான். வருசாவருசம் கிளாஸ்ல நடத்துறேன்.

— நடத்துறீகளா? சரியாவா?

— சரியாத்தான்.

— சீமைப் பூச்சிக்கு ஒரு நியாயம், எங்க பொட்டல் பூச்சிக்கு ஒரு நியாயமா? அங்கன செத்துச்சுன்னு சொல்வீக, இங்கன பழகிக்கிச்சுன்னு எழுதுவீக. மாமனாரு கேட்டா நெறம் மாறுறது வெட்டுக்கிளி இல்ல சார், நீங்கதேன்!

— வார்த்தைய அளந்து பேசுங்க! என் வீட்டுல வந்து நின்னுக்கிட்டு... பழகிக்கிதுன்னு பேச்சுவாக்குல எல்லாரும்தான் சொல்வாங்க. அது ஒரு சொல்லு. அதப் பிடிச்சுக்கிட்டு என்னப் பொய்யன்ங்கிறீங்களா?

— பேச்சுவாக்குல சொன்னா காத்தோட போகும். நீங்க அச்சுல போட்டுட்டீக. அந்த ஒரு சொல்ல வச்சுத்தேன் நாளைக்கு எங்க ஊருப் பிள்ளைக நாப்பது பேரு கரிக்குள்ள போகப் போறாக.

— என்ன நாளைக்கு?

— தெரியாதா? நெசமாவே தெரியாதா? நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வர்றாரு. கொட்டகைய பாத்து, ஆளுகளப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டா, எங்க ஊர்க் கம்மாய்க்கரையில ரெண்டாவது கொட்டகை. கட்டடம் எழும்பியாச்சு, கூரைதேன் பாக்கி. தீபாவளி ஆர்டர் முடிஞ்சதும் அடுத்த சீசனுக்கு அரைக்க ஆரம்பிச்சிருவாக. நாப்பது பொம்பளப் பிள்ளைக பேரு குடுத்தாச்சு. அதுல எங்கக்கா மக மாரித்தாயும் ஒருத்தி. பதினேழு வயசு. மழை இல்லாம மூணு வருசமா காடு தரிசாக் கெடக்கு, ஆத்தா படுத்துட்டா, அவளுக்கு வேற போக்கு இல்ல.

— ஆபீசர் வரட்டுமே. நல்லதுதானே? அவர் டாக்டரக் கூட்டிட்டு வந்து எல்லார் நெஞ்சையும் சோதிச்சா உண்மை வெளிய வந்துரும்.

— வராது. அதச் சொல்லத்தேன் வந்தேன். இப்ப பழைய கொட்டகையில வேலை பாக்குற நாப்பது பேரையும் வரிசையில நிறுத்தி, நெஞ்சுல கொழாய வச்சுப் பாப்பாரு. நாப்பது பேரும் கிண்ணுன்னு இருப்பாக. இருமல் ஒருத்திக்கும் இருக்காது. உங்க தாள்ல போட்டிருக்கிற ரெண்டாவது வரி பொய்யே இல்ல சார். அம்புட்டும் நெசம். அதுதேன் வயித்தெரிச்சல்.

— புரியல. நெசம்னா அப்புறம் என்ன?

— உங்களுக்கா புரியல? இந்தக் கண்ணாடிப் பெட்டிய மேசையில வச்சுக்கிட்டா புரியல?

— ...இருமினவங்க அங்க இல்ல.

— இல்ல.

— போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களத்தான் எண்ணுறாங்க.

— ஒம்பது வருசத்துல நூத்திப் பதினெட்டுப் பேரு வெளிய போயிருக்காக. அதுல இருபத்திரெண்டு பேரு செத்தாச்சு. அவுகள ஒருத்தரும் எண்ணல. இன்னைக்கு உள்ள நிக்கிற நாப்பது பேரப் பாத்துட்டு, தூசி பழகிப்போச்சுன்னு எழுதுறீக.

— நூத்திப் பதினெட்டுன்னு அச்சாச் சொல்றீங்க. எப்படித் தெரியும்?

— தெரியும்.

— அவங்களா நின்னுக்கிட்டாங்களா, நிறுத்தினாங்களா?

— 'மூச்சு எண்ணுறது'ன்னு கேள்விப்பட்டிருக்கீகளா? உங்க மாமனாரு போட்ட சட்டம். காலையில ஏழு மணிக்குக் கேட்டு வாசல்ல வரிசை. ஒவ்வொருத்தியா முன்னால வந்து ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் சத்தமா எண்ணணும். ஒரே மூச்சுல. சடுகுடு பாடுற மாதிரி. நடுவுல மூச்ச இழுத்தாலும் போச்சு, இருமுனாலும் போச்சு. நாளையில இருந்து வராத. அம்புட்டுத்தேன். அடுத்தவ, வா முன்னால.

— ஒவ்வொரு நாளுமா?

— தெனம். கரி வேலைக்கு நல்ல நெஞ்சு வேணும், நோஞ்சான் உள்ள போனா செத்துருவா, அவுக நன்மைக்குத்தேன் இந்தச் சட்டம்னு சொன்னாக மொதலாளி. கேக்குறதுக்கு நல்லாத்தேன் இருந்துச்சு. நல்ல நெஞ்சாத்தேன் உள்ள போச்சு சார். உள்ள போயித்தேன் கெட்டுச்சு. எங்கக்கா சேந்த வருசம் ஒரே மூச்சுல எம்பது வரைக்கும் எண்ணுவா. வரிசையில நிக்கிறவ அம்புட்டுப் பேரும் சிரிப்பாளுக, போதும் நிறுத்துடீன்னு. பெறகு எழுவதாச்சு. அம்பதாச்சு. கடைசி வருசம் நாப்பதத் தொடுறதுக்கு ரெண்டு கையையும் மூடிக்கிட்டு, கழுத்து நரம்பு பொடைக்க நிப்பா. ஒருநா இருபத்தாறுல நின்னு போச்சு.

— என்னங்க, என்ன சத்தம் இங்க? தெருவே எட்டிப் பாக்குது.

— ஒண்ணுமில்ல பொன்னு. நீ உள்ள போ.

— ஒண்ணுமில்லையா? எங்கப்பா பேரு நாலு வீட்டுக்குக் கேக்குது. மொதலாளி சட்டம், மொதலாளி சட்டம்னு. யாருங்க இந்தப் பொம்பள?

— நான் உங்கப்பா கொட்டகையில வேலை பாக்குறவ, தாயி.

— எங்கப்பா சோத்தத் தின்னுக்கிட்டு எங்கப்பாவையே ஏசுறியா? அவரு மக பொன்னுத்தங்கம் வீட்டு வாசல்ல நின்னு? மழை தண்ணி இல்லாம கெடந்த ஊருக்கு வேலை குடுத்த மனுசன் அவரு. கரிக்கொட்டகை இல்லாட்டி என்ன செஞ்சிருப்பீங்க எல்லாரும்?

— உசுரோட இருந்திருப்போம்.

— பாத்தீங்களா, பாத்தீங்களா வாய! இத உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கீங்க!

— அவங்க உக்காரவே இல்ல. பொன்னு, அந்த நோட்டீஸ்ல ஒரு வரி என்னக் கேக்காமச் சேத்திருக்காங்க. அது தப்பு. அதத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

— கேக்காமயா? நல்லாருக்கே கதை. ப்ரூஃப் வீட்டுக்கு வந்துச்சுல்ல? இந்த நாக்காலியில உக்காந்துதானே பாத்தீங்க? காப்பி ஆறுதுன்னு நான் வந்து சொன்னேன். சிவப்பு மையில என்னத்தையோ திருத்தி, கீழ கையெழுத்துப் போட்டு நீங்கதானே குடுத்தனுப்புனீங்க?

— பாத்தீகளா சார்?

— பாத்தேன்.

— அந்த வரி அப்ப இருந்துச்சா?

— இருந்துச்சு. எம்.எஸ்ஸி.ங்கிறதுல ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதத் திருத்தினேன்.

— புள்ளிய.

— ஆமா.

— நல்லாருக்கு சார். ரொம்ப நல்லாருக்கு. எங்கக்காவுக்கு இருமலே இல்லன்னு போட்டிருக்கிறது உங்க கண்ணுல படல, உங்க படிப்புக்குப் பின்னால ஒரு புள்ளி இல்லாதது பட்டுருச்சு.

— நீங்க என்ன வேணாச் சொல்லுங்க. எனக்கே என் மேல காறித் துப்பணும்போல இருக்கு. பொன்னு, அந்த எழுதுற அட்டைய எடு.

— எதுக்கு?

— ஆபீசருக்கு எழுதப் போறேன். அந்தத் தாள்ல உள்ளது தப்பு, நான் எழுதினதும் தப்பு, இதோ அம்பத்துநாலாம் வருசப் பெட்டி, இதோ இன்னைக்குப் பாட்டில்னு. நாளைக்கு நானே நேர்ல போறேன். உள்ள இருக்கிற நாப்பது பேர விட்டுட்டு, வெளிய போன நூத்திப் பதினெட்டுப் பேரு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லப் போறேன்.

— உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இந்த வீடு யாரு வாங்கிக் குடுத்தது? உங்களக் காலேஜ்ல சேக்க யாரு நடையா நடந்தது? பூச்சிய வச்சுக்கிட்டு எங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?

— பூச்சிய வச்சுக்கிட்டுத்தானே அவரு நோட்டீஸ் அடிச்சாரு? அப்ப ஒண்ணும் சொல்லலையே நீ.

— எனக்கென்ன தெரியும் அந்தக் கருமமெல்லாம்? ஏம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், இத எடுத்துக்கிட்டுப் போயிரு. உங்கக்காவுக்கு வைத்தியம் பாக்கணும்னா நான் அப்பாகிட்டச் சொல்றேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். நெசமாச் சொல்றேன்.

— எங்கக்காவுக்கு இனி வைத்தியம் கெடையாது தாயி. நாளைக்கு மாரித்தாய் பேரு குடுத்த கொட்டகைக்குக் கையெழுத்து விழக்கூடாது. அது ஒண்ணுக்குத்தேன் நான் வந்தேன். வேற எதுவும் உங்க வீட்டுல இருந்து வேண்டாம் எனக்கு.

— பொன்னு, அட்டையக் குடு. குடுன்னு சொல்றேன்ல! ...சரி. வீரலட்சுமியம்மா, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்த மூச்சு எண்ணுறது எப்ப ஆரம்பிச்சது?

— கொட்டகை தொறந்து மூணாம் மாசம்.

— எழுதி வச்ச உத்தரவு எதுவும் இருக்கா?

— இல்ல. வாய்ச் சொல்லுதேன்.

— அதான் சிக்கல். உங்க மொதலாளி நாளைக்கு, அப்படி ஒரு சட்டமே இல்லன்னுருவாரு. உள்ள இருக்கிற நாப்பது பேரும் வேலை போயிரும்னு பயந்து இல்லம்பாங்க. வெளிய போனவங்க, கோவத்துல பழி சொல்றாங்கன்னு தட்டிவிட்டுருவாங்க. வெட்டுக்கிளிக்குப் பனங்காடை இருக்கு, தந்திக்கம்பிக்குக் கீழ றெக்கை இருக்கு. இங்க கேட்டு வாசல்ல நின்னு பொறுக்கி எடுத்தது யாரு? அது தெரியாம இந்தக் கடுதாசி நிக்காது.

— அதத்தாங்க நானும் கேக்குறேன்! எங்கப்பா அந்தப் பொட்டல் பக்கமே போறதில்ல. வருசத்துக்கு ஒருவாட்டி ஆயுத பூசைக்குப் போயி சந்தனம் வச்சுட்டு வருவாரு. அவரா தெனமும் காலையில நின்னு எண்ணு எண்ணுங்கிறாரு? எவளோ ஒரு கங்காணிதானே நின்னு, நீ வா, நீ போன்னு தள்ளுறா?

— ஆமா தாயி. கங்காணிதேன்.

— அவள விட்டுட்டு இங்க வந்து கத்துறா இவ! எங்கப்பா ஏதோ ஆள் பாத்து எடுக்கச் சொல்லியிருப்பாரு. நாளெல்லாம் கூட நிக்கிற பொம்பளைக்குத் தெரியாதா, எவ எதுனால இருமுறான்னு? நூத்திப் பதினெட்டுப் பேரு! ஒருத்தி போறப்பவாவது மொதலாளிகிட்டப் போயி, இந்த மாதிரி ஆகுது அய்யான்னு சொன்னாளா அவ?

— சொல்லல.

— ஏன் சொல்லல?

— வேலை போயிரும்னு பயம். பெறகு, நோஞ்சானத்தேன் வெளிய விடுறோம், அவ வீட்டுக்குப் போனா பொழச்சுக்கிடுவான்னு ஒரு சமாதானம். அந்தச் சமாதானம் மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருநா ஒடைஞ்சு போச்சு. அதுக்குப் பெறகும் வேலைக்குப் போனா. அதுதேன் இருக்குறதுலயே கேவலம்.

— நீ என்னமோ அவளுக்குப் பரிஞ்சு பேசுற.

— பரிஞ்சு பேசல தாயி. அவ மேல எனக்கு இருக்குற கோவம் உங்கப்பா மேலகூட கெடையாது.

— அப்ப பேரச் சொல்லிரு! சொந்த ஊர்ப் பொம்பளைகள ஒவ்வொருத்தியாப் பொறுக்கித் தள்ளினவ அவதானே? இவரு எழுதட்டும். ஆபீசர் அவளப் பிடிச்சு விசாரிக்கட்டும். எங்கப்பாவ விடுங்க.

— அந்தம்மா வந்து ஆபீசர் முன்னாடி, மொதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரும் தட்ட முடியாது. ஆனா அவங்க வருவாங்களா? அவங்களுக்கும்ல ஜெயில்?

— வருவா சார்.

— நிச்சயமாத் தெரியுமா?

— புதுக்கொட்டகைக்கு ஆள் எடுக்க, நாளைக்கு ஏழு மணிக்கு மாரித்தாய வரிசையில நிறுத்தி, அவ மூச்ச எண்ண வேண்டியவ அவதேன். வராம எங்க போவா?

— பேர் சொல்லுங்க.

— எழுதிக்கிடுங்க. வீரலட்சுமி, கரிக்கொட்டகை கங்காணி, ஒம்பது வருசம். இருபத்தாறுல மூச்சு நின்னு எங்கக்கா என்னைய ஏறிட்டுப் பாத்தப்ப, 'நாளையில இருந்து வராத, அடுத்தவ முன்னால வா'ன்னு சொன்ன வாயி இதுதேன்.